ரிசப்ஷனுக்கு ஐஸ்கிரீம் பார்: 1,200 பேர், வைகாசி வெயில், பெருந்துறை பக்கம் மண்டபம்

நொய்யல்கரை

எல்லாருக்கும் வணக்கமுங்க. வைகாசியில கல்யாணம், முந்தின நாள் பொழுதோட ரிசப்ஷன். ஒறம்பறை, ஊர்க்காரங்க எல்லாம் சேத்தி 1,200 பேர் சாப்பிடுவாங்கன்னு கணக்கு. பந்திக்கு 250 பேர் உக்காரலாம். சமையல்காரர் இலையிலயே கப் ஐஸ்கிரீம் வெச்சு முடிச்சுடலாங்கறார். பொண்ணு மாப்பிள்ளைக்கு ஐஸ்கிரீம் பார் வேணுமாம்: நாலஞ்சு வகை, மேல போட்டுக்கற சாமானெல்லாம் தனியா. எத்தனை லிட்டர் வாங்கணும், எத்தனை ஆள் வேணும், பிரீசர் எங்க வைக்கணும், எது சொதப்பும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பந்தி மேஸ்திரி

இலையில கப் வெச்சா பார் வேண்டாமுங்க. பார் வெச்சா இலையில கப் வேண்டாம். ரெண்டும் வெச்சா கப்பைப் பாதி தின்னு இலையிலயே விட்டுட்டு பாருக்கு வருவாங்க, செலவுதான் ரெண்டு மடங்கு.

அடுத்தது, ருசியை யோசிக்கறதுக்கு முந்தி வரிசையை யோசிங்க. கடையில ஆள் ஒருத்தர் ரெண்டு பேரா வருவாங்க. கல்யாணத்துல ஒரு பந்தி எந்திரிச்சா 250 பேரும் கை கழுவிட்டு பத்துப் பன்னண்டு நிமிஷத்துல மொத்தமா வந்து நிப்பாங்க. 200 பேர் ஐஸ்கிரீம் கேட்டாக்கூட நிமிஷத்துக்கு 17 கப் போகணும். பழகின கை நிமிஷத்துக்கு நாலு கப் போடும், அதுவும் ஐஸ்கிரீம் பதமா இருந்தா. கெட்டியா இருந்தா ரெண்டே ரெண்டு. ஆக ஸ்கூப் போட மட்டும் நாலு பேர், பாகு ஊத்த ஒருத்தர், டப்பா எடுத்துக் குடுக்க ஒருத்தர், மேஜை துடைக்கவும் குப்பைக் கூடை மாத்தவும் ஒருத்தர். ஏழு பேருக்குக் குறைஞ்சா 1,200 பேருக்கு பார் வேண்டாம், கப்பே வெச்சுடுங்க.

குளிர்பெட்டி மெக்கானிக்

மேஸ்திரி சொன்னது சரிங்ணா. ஆனா அந்த "பதமா இருந்தா"ங்கறதுலதான் எல்லாமே இருக்குது.

ஐஸ்கிரீமை இருப்பு வைக்க மைனஸ் 18 டிகிரி, இல்ல அதுக்கும் கீழ. ஸ்கூப் போட மைனஸ் 12லிருந்து 14. ஒரே பெட்டியில ரெண்டும் நடக்காது. அதனால ரெண்டு பெட்டி வேணும்: ஒண்ணு இருப்புக்கு, ஒண்ணு பரிமாற. பரிமாறப் போற டப்பாவை அன்னைக்குக் காலையிலயே மைனஸ் 13 வெச்ச பெட்டிக்கு மாத்திடணும். மைனஸ் 20ல இருந்த 4 லிட்டர் டப்பா நடுப்பாகம் வரைக்கும் அந்தச் சூட்டுக்கு வர பல மணி நேரம் ஆகுமுங்க. அவசரத்துக்கு வெளிய இருபது நிமிஷம் எடுத்து வெச்சா ஓரம் பாயசம், நடுவுல கருங்கல்.

இதைவிடப் பெரிய சிக்கல் மண்டபம் கைக்கு வர்ற நேரம். முகூர்த்த நாள் அடுத்தடுத்து இருந்தா, காலையில வேற கல்யாணம் முடிஞ்சு அவங்க காலி பண்ண ரெண்டு மூணு மணி ஆயிரும். அப்புறம் பிரீசரை டெம்போல கொண்டாந்து எறக்கி, பிளக் குத்தி, ஆறு மணிக்கு ஐஸ்கிரீம் கேட்டா எப்படி? காலிப் பெட்டி மைனஸ் 18க்கு எறங்கவே நேரம் வேணும். வெயில்ல வந்த பெட்டின்னா இன்னும் மோசம். படுக்க வெச்சு ஏத்தியாந்திருந்தா கம்ப்ரஸர் ஆயில் எறங்க ரெண்டு மூணு மணி நேரம் நிமித்தி வெச்சுட்டுத்தான் ஸ்விட்ச் போடணும்.

வழி ரெண்டுதானுங்க. மண்டபத்துக்காரர்கிட்டப் பேசி ஸ்டோர் ரூம்ல முந்தின நாளே பெட்டியை வெச்சு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. இல்லைன்னா டீலர் கடையிலயே ஓடிட்டிருக்கற பெட்டியை, சரக்கோட, கடைசி நேரத்துல கொண்டாரச் சொல்லுங்க. நல்லா உறைஞ்ச சரக்கு நெறைய இருந்து மூடியைத் திறக்காம இருந்தா ஒரு மணி நேரப் பயணம் தாங்கும். பாதி காலியா இருந்தா தாங்காது. கண்ணாடி மூடிப் பெட்டி இருப்புக்கு ஆகாதுங்க, அது பரிமாற மட்டும்.

கோல்டு செயின்

அளவுக் கணக்கை நான் சொல்றேங்க. லிட்டரை வெச்சுக் கணக்குப் போட்டா தப்பும், எடையை வெச்சுப் போடுங்க. ஐஸ்கிரீம்ல காத்து கலந்திருக்கும். உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தோட விதிப்படி ஒரு லிட்டர் 525 கிராமுக்குக் குறையக் கூடாது. காத்து கம்மியான சரக்கு லிட்டருக்கு 600, 650 கிராம்கூட நிக்கும். ஸ்கூப்பால அழுத்தி எடுக்கறப்பக் காத்துல கொஞ்சம் வெளிய போயிரும், அதனால 4 லிட்டரை 60 மி.லி.யால வகுத்து 66 உருண்டைன்னு எழுதிக் குடுக்கறவரை நம்ப வேண்டாம்.

ஸ்கூப்புல எண் போட்டிருக்கும். எண் 16 சுமார் 59 மி.லி., எண் 20 சுமார் 47, எண் 24 சுமார் 39. எண் ஏற ஏற உருண்டை சின்னதாகும். எண் 16ல தட்டையா வழிச்சு எடுத்தா 45 கிராம் வரும்னு வெச்சுக்குங்க. லிட்டருக்கு 540 கிராம் சரக்குன்னா 4 லிட்டர் டப்பா 2,160 கிராம், அதாவது 48 உருண்டை.

1,200 பேர்ல வயசானவங்க, சளி பிடிச்சவங்க, சக்கரைக்காரங்க, நேரமாச்சுன்னு கெளம்பறவங்க போக 1,000 பேர் எடுப்பாங்க. பொடுசுக ரெண்டாவது தடவை வரும். ஆக 1,200 உருண்டை. 54 கிலோ, 100 லிட்டர், 25 டப்பா. டப்பா அடியில ஒட்டறது, உருகறது, தலைகூட்டிப் போடறது எல்லாத்துக்கும் சேத்து மூணு டப்பா கூட. மொத்தம் 28.

தலைகூட்டிப் போடறதுதான் ஆளைக் கொல்லும். சொந்தக்காரர் யாராவது ஆசையா நின்னு ஸ்கூப் போட ஆரம்பிச்சா ஒரு உருண்டை 70 கிராம் போயிரும், எட்டரை மணிக்கு டப்பா காலி. எண் 20 ஸ்கூப் வாங்கிட்டு ஆளுக்கு ரெண்டு வகையா ரெண்டு சின்ன உருண்டை போடறதும் உண்டு. பார்க்க நல்லாயிருக்கும். ஆனா கை வேலை ரெண்டு மடங்கு, வரிசை நகராது. பந்தி முறைக்கு அது ஒத்து வராதுன்னுதான் சொல்லுவேன்.

நொய்யல்கரை

28 டப்பாவுல எந்த வகை எத்தனைங்க? மாப்பிள்ளை எட்டு வகை கேக்கறார்.

கோல்டு செயின்

அஞ்சுக்கு மேல போகாதீங்க. எட்டு வகை வெச்சா எட்டு டப்பா திறந்தே கிடக்கும், ராத்திரி எட்டு அரை டப்பா மிச்சமாகும். கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னு "அது என்னங்க, இது என்னங்க"ன்னு கேக்கறதுலயே வரிசை நின்னுரும்.

வெனிலா 10, பட்டர்ஸ்காட்ச் 8, சாக்லேட் 5, மாம்பழம் 3, இளநீர் 2. பாகும் கடலையும் வெனிலா மேலதான் எடுபடும், அதனாலதான் அது கூட. பட்டர்ஸ்காட்ச் நம்ம பக்கம் பெரியவங்களும் கேட்டு வாங்குவாங்க. ஸ்ட்ராபெரி பார்க்க அழகுதான், போட்டோவுக்கு ஆகும், கடைசியில மிஞ்சறதும் அதுதான்.

டப்பா மேல ஐஸ்கிரீம்னு இருக்கா, ஃப்ரோசன் டெசர்ட்னு இருக்கான்னு படிச்சுப் பாருங்க. ஐஸ்கிரீம்னு போட்டா பால் கொழுப்பு 10 சதத்துக்குக் குறையக் கூடாது. ஃப்ரோசன் டெசர்ட்ல தாவரக் கொழுப்பு இருக்கும். அது கெட்டதுன்னு சொல்லலைங்க, சாக்லேட்ல வித்தியாசம் அவ்வளவா தெரியாது, வெனிலாவுல தெரிஞ்சுரும். ஐஸ்கிரீம் விலை குடுத்து அதை வாங்காம இருந்தாப் போதும். கொட்டேஷன் வாங்கறப்ப ஒரு டப்பா நிகர எடை எத்தனை கிராம்னு எழுதி வாங்குங்க. வரியையும் பாருங்க: 2025 செப்டம்பர் 22லிருந்து ஐஸ்கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதமாக் குறைஞ்சிருக்கு. பழைய பட்டியலை நீட்டுனா கேளுங்க.

பந்தி மேஸ்திரி

பீக் நேரத்துக்கு ஒரு வழி இருக்குதுங்க. முன்கூட்டியே உருண்டை போட்டு வெச்சுக்கறது. மத்தியானம் மூணு மணிக்கு ஆளுக உக்காந்து, கப்புல ஒரு உருண்டை போட்டு, தட்டுல அடுக்கி, மேல உணவுத் தாள் மூடி, மைனஸ் 18 பெட்டிக்குள்ள தள்ளிடறது. 7 செ.மீ. வாய் உள்ள கப்னா 40க்கு 60 செ.மீ. தட்டுல 40 கப் நிக்கும். ஏழு தட்டு இருந்தா ஒரு பந்தி முடிஞ்சுது. பந்தியில மோர் சோறு போயிட்டிருக்கறப்ப முதல் தட்டை வெளிய எடுத்தா கை கழுவிட்டு வர்ற நேரத்துக்குப் பதமா இருக்கும். வெனிலாவும் பட்டர்ஸ்காட்ச்சும் இப்படி, மத்த மூணு வகை கண்ணு முன்னாடி ஸ்கூப். அப்ப ஸ்கூப் ஆள் ரெண்டு பேர் போதும்.

தட்டு வாங்கறதுக்கு முந்தி பெட்டியோட உள் அகலத்தை அளந்துக்குங்க. பெட்டி அடியில ஒரு பக்கம் கம்ப்ரஸருக்காகப் படி மாதிரி ஒசந்திருக்கும், அங்க தட்டு உக்காராது.

சத்தி ரோடு

அப்ப அது பார் இல்லையேங்க, கப் ஐஸ்கிரீம்தானே? அதுக்கு கம்பெனி கப்பே வாங்கிடலாம். ஆள் ஸ்கூப் போடறதைப் பார்க்கத்தான பொடுசுக வர்றது.

பந்தி மேஸ்திரி

பார்க்க வர்றவங்க வேற, வாங்கிட்டுப் போறவங்க வேறங்க. முன்வரிசையில கண்ணாடிப் பெட்டி, ரெண்டு பேர் ஸ்கூப்போட நிக்கட்டும். வேடிக்கைக்கு அது. பக்கத்து மேஜையில தட்டு. பாகு, கடலை எல்லாம் ரெண்டுக்கும் பொது. கம்பெனி கப்புக்கு மூடி இருக்கு, உள்ளே தட்டையா உறைஞ்சிருக்கு, மேல பாகு ஊத்த இடமில்லை. உருண்டைன்னா சுத்தியும் பாகு எறங்கும். இது ஒண்ணுக்காகவே முன்கூட்டியே போட்டு வெக்கற உருண்டைதான் நல்லதுங்கறேன். ஆனா 2,000 பேருக்கு மேல போச்சுன்னா நானே கம்பெனி கப்புதான் சொல்லுவேன்.

செக்கடி

மேல போடற சாமானுக்கு வர்றேன். கடையில விக்கற பாட்டில் பாகும் டூட்டி ஃப்ரூட்டியும் மட்டும் வெச்சா எல்லா ஊர்க் கல்யாணமும் ஒண்ணுதான். நம்ம பக்கத்துலயே நல்ல சரக்கு இருக்கு.

நாட்டுச் சர்க்கரைப் பாகு: பழனி பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்துதான் போகுது, அதையே வாங்குங்க. ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரைக்கு 400 மி.லி. தண்ணி. கரைஞ்சதும் துணியில வடிகட்டணும், சக்கையும் மண்ணும் நிக்கும். மறுபடி அடுப்புல வெச்சு 105 டிகிரி வரைக்கும் காய்ச்சி எறக்கிடணும். தெர்மாமீட்டர் இல்லைன்னா: விரலுக்கு நடுவுல ஒட்டணும், கம்பி இழுக்கக் கூடாது. அதிரசம் செய்யற பழக்கத்துல கம்பிப் பதம் வரைக்கும் விட்டுட்டா, ஐஸ்கிரீம் மேல பட்டதும் இறுகி பல்லுல ஒட்டிக்கும். எறக்கினதும் ஏலக்காய், சுக்குப் பொடி கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டருக்குச் சித்தக் குறைய வரும். கெட்டியாக்கறேன்னு சூடான பாகுல பாலை ஊத்தாதீங்க, நாட்டுச் சர்க்கரையோட புளிப்புக்குத் திரிஞ்சுரும்.

சாக்லேட் ஓடு: இதுக்குக் காங்கேயம் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுரும், அந்தக் குணம்தான் வேலை செய்யுது. ஒரு கிலோ டார்க் சாக்லேட்டுக்கு 200 கிராம் எண்ணெய். சுடுதண்ணி மேல பாத்திரம் வெச்சு, 50 டிகிரி தாண்டாம உருக்கிக் கலக்கணும். பாத்திரத்துலயோ கரண்டியிலயோ ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் சாக்லேட் கட்டி தட்டி மண்ணா ஆயிரும். குளிர்ந்த உருண்டை மேல ஊத்தினா அரை நிமிஷத்துக்குள்ள மொறுமொறுன்னு ஓடு கட்டும். பொடுசுக இதுக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். மரச்செக்கு எண்ணெய்னா தேங்காய் வாசம் தூக்கலா இருக்கும், எனக்கு அது பிடிக்கும். வேண்டாங்கறவங்க வாசம் நீக்கின எண்ணெய் வாங்கிக்கலாம்.

ரெண்டு எடத்துல இது சொதப்பும். ஏசி ஹால்ல 23 டிகிரி வெச்சிருந்தா பாட்டிலுக்குள்ளயே கெட்டியாயிரும், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில நிக்க வெக்கணும், அதுவும் மூடியில தண்ணி படாம. வெளியில திறந்தவெளின்னா, உருண்டை ஏற்கனவே வேர்த்து உருக ஆரம்பிச்சிருந்தா ஓடு பிடிக்காம வழுக்கி அடியில தேங்கிரும். அதனால ஸ்கூப் போட்ட கையோட ஊத்தற எடத்துல இதை வைங்க, கடைசியில வைக்காதீங்க.

உலர் சாமான்: வறுத்து ஒண்ணு ரெண்டா ஒடைச்ச நெலக்கடலை, கடலைமிட்டாய்த் தூள், எள்ளுருண்டைத் தூள், வறுத்த முந்திரி. ஆளுக்கு 8 கிராம் கணக்குல எல்லாம் சேத்தி 8 கிலோ. பாகு ஆளுக்கு 10 மி.லி., எல்லா வகையும் சேத்தி 10 லிட்டர். கடலைமிட்டாயை முந்தின நாளே தூள் பண்ணாதீங்க, காத்துல ஈரம் பிடிச்சுக் கட்டியாயிரும். அரைக் கிலோ அரைக் கிலோவா டப்பாவுல இருந்து கிண்ணத்துக்கு மாத்துங்க. மொத்தத்தையும் பெரிய பாத்திரத்துல கொட்டி வெச்சா ஒம்பது மணிக்குக் கடலை நமுத்துப் போயிரும்.

பஞ்சாமிர்தம் வெனிலாவோட அருமையாப் போகும். கப்புக்கு ஒரு சின்னக் கரண்டி போதும், அதுக்கு மேல போனா திகட்டும். 2019ல புவிசார் குறியீடு வாங்கின பழனி பஞ்சாமிர்தத்தை டின்லயே வெச்சு எடுத்துக்க விட்டா வெளியூர்ச் சனம் விசாரிக்கும்.

நொய்யல்கரை

நுங்கு, பழம் எல்லாம் வைக்கலாங்களா?

செக்கடி

நுங்கு வைகாசிக்குப் பொருத்தம். ஆனா உரிச்ச நுங்கு ரெண்டு மூணு மணி நேரத்துல வழவழன்னு புளிக்க ஆரம்பிக்கும். கிண்ணத்தை ஐஸ் மேல உக்கார வெச்சு, பந்திக்குப் பந்தி புதுசா எடுங்க. பழம்னா மாம்பழம், மாதுளை, சப்போட்டா. அன்னாசியும் பப்பாளியும் பச்சையா வேண்டாம்.

உணவுத் தொழில்நுட்பம்

கடைசி வரிக்குக் காரணம் சொல்கிறேன். பச்சை அன்னாசியில் ப்ரோமெலைன், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை பால் புரதத்தை உடைக்கும்போது கசப்பு வரும். கப்பில் போட்டவுடன் சாப்பிட்டால் தெரியாது. முன்கூட்டியே போட்டு வைத்தாலோ, ஃப்ரூட் சாலட் மாதிரி பாலோடு கலந்து வைத்தாலோ தெரியும். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். அதனால் சர்க்கரைப் பாகில் வேகவைத்த அன்னாசியோ டின் அன்னாசியோ வைக்கலாம்.

ஸ்கூப் கழுவும் தண்ணீரைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான பந்திகளில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஸ்கூப்பை முக்கி முக்கி எடுப்பார்கள். அரை மணி நேரத்தில் அது பால் கரைந்த வெதுவெதுப்பான தண்ணீர், கிருமி பெருக அதைவிட வசதியான இடம் கிடையாது. குழாய் வைத்து ஓடும் தண்ணீர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு பாத்திரம் வைத்து, கேன் தண்ணீரைப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீரில் முக்கி எடுத்த ஸ்கூப்பை உதறிவிட்டே டப்பாவில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் அந்தத் தண்ணீர் ஐஸ்கிரீம் மேல் பனிப்படலமாக உறைந்து, அடுத்த உருண்டையில் நறநறவென்று வரும். வகைக்கு ஒரு ஸ்கூப் தனியாக. கடலை, முந்திரி கரண்டிகளும் தனித்தனியாக, பெயர்ச்சீட்டோடு. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் வரலாம்.

உருகிய டப்பாவை மறுபடி உறைய வைத்துக் காலை முகூர்த்தத்துக்குப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். கூடாது. உறைந்திருக்கும்போது கிருமி வளராமல் இருக்குமே தவிர சாகாது, உருகிய நேரத்தில் வளர்ந்தது அப்படியே இருக்கும். போதாததற்கு, மெதுவாக மறுபடி உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உருவாகி மணல் மாதிரி ஆகிவிடும்.

ஒப்பந்தக்காரரிடம் உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தி ரோடு

புகை வர்ற மாதிரி நைட்ரஜன் ஐஸ்கிரீம் போடறாங்களே, அது ஒரு கவுண்டர் வெச்சா எப்படிங்க? டிரை ஐஸ் புகையும் கேக்கறாங்க.

உணவுத் தொழில்நுட்பம்

இரண்டும் வேண்டாம். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. முழுவதும் ஆவியாகாமல் வாய்க்குள் போனால் வாய், உணவுக்குழாய், இரைப்பை எல்லாம் புண்ணாகும், இரைப்பை கிழிந்தும் போகலாம். 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. முந்நூறு குழந்தைகள் முண்டியடிக்கும் இடத்தில் "புகை அடங்கிய பிறகு சாப்பிடு" என்று யார் சொல்லி யார் கேட்பது?

டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் உறைந்த கார்பன் டை ஆக்சைடு. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய்மணத்துக்கு என்று அதைத் தின்னக் கொடுத்து, சாப்பிட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். கண்ணில் படும் இடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் அது இருக்கவே கூடாது. பெட்டிக்குள் குளிருக்காகப் பயன்படுத்துவது வேறு விஷயம். தடித்த கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், காற்றுப் புகாதபடி இறுக மூடாமல் வைக்க வேண்டும். இறுக மூடினால் வாயு பெருகிப் பெட்டி வெடிக்கும். கதவடைத்த சின்ன ஸ்டோர் ரூமில் வைத்தால் உள்ளே போகிறவருக்கு மூச்சு முட்டும்.

பந்தி மேஸ்திரி

வேடிக்கை வேணும்னா தவா ஐஸ்கிரீம்னு ஒண்ணு இருக்கு, குளிர்ந்த தகட்டுல ஊத்திச் சுரண்டிச் சுருட்டறது. ஒரு சுருளுக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். மணிக்கு 25 பேருக்குத்தான் குடுக்க முடியும். 1,200 பேர் வர்ற எடத்துல அது சண்டைக்கு வழி. சாஃப்டி மெஷினும் அப்படித்தான், கரண்ட் ஏகத்துக்கு இழுக்கும், பந்தி எந்திரிக்கற வேகத்துக்கு ஈடு குடுக்காது.

குளிர்பெட்டி மெக்கானிக்

கரண்ட்னு சொன்னதும் ஞாபகம் வந்துது. 500 லிட்டர் பெட்டி ஓடறப்ப 300, 400 வாட்தான் எடுக்கும். ஆனா கம்ப்ரஸர் கிளம்பற நொடியில அதைப்போல பல மடங்கு இழுக்கும். மேடை அலங்காரத்துக்காரர் போட்ட ஒல்லி ஒயர்ல இதையும் குத்தினா வோல்டேஜ் எறங்கி கம்ப்ரஸர் கிளம்பாம முனகும், காயில் சூடாகி நின்னுரும். பெட்டிக்குத் தனியா 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மி.மீ. ஒயர். எக்ஸ்டென்ஷன் பெட்டியில பாப்கார்ன் மெஷினையும் இதையும் சேத்துக் குத்த விடாதீங்க.

மண்டபத்து எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ஜெனரேட்டர் ஓடறப்ப இந்தப் பாயின்டுக்குக் கரண்ட் வருமா? பல எடத்துல ஜெனரேட்டர் லைன் மேடைக்கும் ஹாலுக்கும் மட்டும்தான் இருக்கும், ஸ்டோர் ரூமுக்கு இருக்காது. கரண்ட் போய் வந்ததும் கம்ப்ரஸருக்கு மூணுலிருந்து அஞ்சு நிமிஷம் ஓய்வு வேணும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் போட்டா அதுவே பார்த்துக்கும். மின்வாரியத்தோட மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் காலை 9 மணிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கும். உங்க நாள்ல, மண்டபத்துக்குக் கரண்ட் வர்ற பீடர் லைன்ல அது இருக்குதான்னு முன்னாடியே பாருங்க.

பெட்டி பழுதானா என்ன பண்றதுன்னும் யோசிச்சு வைங்க. பெரிய தெர்மாகோல் பெட்டி நாலு, ஐஸ் கட்டி ஒடைச்சது, கல்லுப்பு. எடையில மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு கலந்தா மைனஸ் 20 வரைக்கும் எறங்கும். மூடி இறுக்கமா இருக்கற டப்பாவை அதுக்குள்ள பொதைச்சு வெச்சா ரெண்டு மணி நேரம் சமாளிக்கலாம். அந்த ஐஸ் திங்கற ஐஸ் இல்லைங்க, தண்ணியும் உப்பும் டப்பாவுக்குள்ள எறங்காமப் பார்த்துக்கணும். உருகற உப்புத் தண்ணியை மண்டபத்துத் தென்னை மரத்தடியில ஊத்திடாதீங்க.

நொய்யல்கரை

எங்க வைக்கறதுங்க? முன்னாடி போர்டிகோவுலன்னு டெக்கரேஷன்காரர் சொல்றார், போட்டோவுக்கு நல்லாயிருக்குமாம்.

பந்தி மேஸ்திரி

போர்டிகோ மேற்கே பார்த்து இருக்கா? அப்படின்னா ஆறரை வரைக்கும் வெயில் மூஞ்சியில அடிக்கும். கை கழுவற எடத்துக்கும் வெளிவாசலுக்கும் நடுவுல வைங்க, ஆனா கை கழுவற எடத்துல இருந்து பதினஞ்சு அடியாவது தள்ளி. ஈரத்தரையில கப்போட வழுக்கி விழுவாங்க. ரப்பர் விரிப்பு போட்டா இன்னும் நல்லது.

ஒரு வழியா மட்டும் போகணும்: கப், உருண்டை, சாக்லேட் ஓடு, மத்த பாகு, கடலை வகை, கடைசியில கரண்டி. கரண்டியை முதல்லயே குடுத்தா அங்கயே நின்னு திங்க ஆரம்பிச்சுருவாங்க. மேஜையைச் சுவத்துல ஒட்டாம நடுவுல போட்டு ரெண்டு பக்கமும் ஒரே சாமானை வெச்சா வரிசை ரெண்டாகும். பாகை மட்டும் ஆள் நின்னு ஊத்தணும். பொடுசுக கையில பாட்டில் குடுத்தா மேஜை, பட்டுப் பாவாடை, தரை எல்லாத்துலயும் பாகு.

பெடஸ்டல் ஃபேனை கவுண்டர் பக்கம் திருப்பாதீங்க. ஆளுக்குக் குளுகுளுன்னு இருக்கும், ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகும். மேல இருந்து ஹாலஜன் ஃபோகஸ் லைட் அடிச்சாலும் அதே கதி, எல்.இ.டி. போடச் சொல்லுங்க. மழை பேஞ்ச ராத்திரின்னா லைட்டுக்கு ஈசல் வரும், கிண்ணத்துக்கெல்லாம் மூடி வேணும். பீடா ஸ்டால் ஐஸ்கிரீமுக்கு அப்புறம் வரட்டும்.

கோன் வேணுமான்னா, 200 மட்டும் வாங்குங்க. கப் வேகத்துக்கு கோன்ல போட முடியாது, 33 டிகிரியில அஞ்சு நிமிஷத்துல முழங்கை வரைக்கும் வழியும்.

உணவுத் தொழில்நுட்பம்

கப், கரண்டி விஷயத்தில் கவனம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் அதில் சேரும். பிளாஸ்டிக் கரண்டி, ஐஸ்கிரீம் குச்சிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கரும்புச் சக்கைக் கப், மரக் கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். பாக்குமட்டைக் கிண்ணமும் நல்லதுதான், ஆனால் அடி வளைந்திருந்தால் தட்டில் நேராக நிற்காது, முன் உருண்டை முறைக்குச் சரிவராது.

நொய்யல்கரை

கப் 1,500 வாங்கினாப் போதுங்களா? பிரிக்காத டப்பா மிஞ்சினா டீலர் திருப்பி எடுத்துக்குவாரா?

கோல்டு செயின்

கப் 1,600 வாங்குங்க. பொடுசுக ரெண்டாவது தடவை பழைய கப்பைக் கொண்டு வராது, தட்டுல அடுக்கறப்ப நசுங்கறதும் இருக்கும்.

டப்பா வெளிய போய் வந்துச்சுன்னா குளிர் விட்டுச்சா இல்லையான்னு டீலருக்குத் தெரியாது, அதனால சாதாரணமா எடுக்க மாட்டாங்க. எடுக்கணும்னா முன்னாடியே பேசுங்க: பெட்டி அவங்களோடது, அவங்க ஆளே கூட இருந்து சரக்கு எடுத்துக் குடுக்கறார், பிரிக்காத டப்பாவுக்குக் காசு இல்லைன்னு பில்லுல எழுதிக்கறது. 28ல கடைசி நாலு டப்பாவை இந்தப் பேச்சுல வாங்குங்க. பிரிக்கற முறையும் முக்கியம்: எட்டரைக்கு மேல வகைக்கு ஒரு டப்பாவுக்கு மேல திறக்க விடாதீங்க. அதைப் பார்த்துக்க சொந்தத்துல கறாரான ஆள் ஒருத்தரை நிறுத்துங்க.

குளிர்பெட்டி மெக்கானிக்

அந்தக் கறாரான ஆள்கிட்டயே இருப்புப் பெட்டி சாவியையும் குடுத்துருங்க. பூட்டில்லாத பெட்டியைப் பொடுசுக பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா திறந்து பார்க்கும், ஒவ்வொரு தடவையும் உள்ள சூடு ஏறும். ஒரு தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள்ள நடு டப்பாவுக்கு ஒட்டி வைங்க. மேல ஓரத்துல தொங்க விட்டா தப்புக் கணக்குத்தான் காட்டும்.